அப்பா போட்ட தேதி

அத்தியாயம் 9

மார்ச் 12, வியாழன்

முதலில் ஒரு திருத்தம். மாமாவுக்கு மரத்துப்போனது இடது கை விரல்களில் தொடங்கியது என்று போன வாரம் எழுதியிருந்தேன். தவறு. கால்களில்தான் தொடங்கியதாம். ஒருநாள் வழியில் செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல், வெறுங்காலோடு கடைவரை போய்வந்திருக்கிறார். எல்லோரும் அதை மறதி என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். இன்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழைய வரியை ஒரே கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதியிருக்கிறேன்.

மற்றதிலும் தவறு இருக்குமோ என்ற பயத்தில், இதுவரை தெரிந்ததை மறுபடி வரிசையாக எழுதிக்கொள்கிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கு எதுவும் புரியும்.

அக்காவும் அவள் கணவரும், அதாவது மாமாவும், வீட்டு முன்னறையில் செருப்புக்கு அடித்தோல் ஒட்டுகிறார்கள். அந்தத் தெருவில் முப்பது வீடுகளில் அதே வேலை. எல்லோரும் ஒரே கம்பெனியின் பசையைத்தான் வாங்குகிறார்கள். தெருவில் அதற்கு சொல்யூஷன் என்று பெயர். நான்கு மாதமாக அதன் வாடை மாறியிருக்கிறது. அதே நான்கு மாதமாக, நான் சீட்டு எழுதும் மருத்துவமனைக்கு அந்தத் தெரு ஆட்கள் கை மரக்கிறது, கால் மரக்கிறது என்று வருகிறார்கள். என் பட்டியலில் பதினோரு பேர். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். நாளை ஆய்வாளர் கம்பெனிக்கு வருகிறார்.

அந்தக் கம்பெனியின் டெஸ்ட் ரூமில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவர் என் அப்பா.

"பசையில ஏதாவது மாத்தினாங்களாப்பா?" என்று போன வாரம் கேட்டேன். "சாப்பிடு" என்றார். அதற்குப் பிறகு என்னோடு அவர் சரியாகப் பேசவில்லை.

இனி இன்று நடந்தது.

எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை என்பதால் காலை எட்டரைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலிருந்து முன்னறைவரை தரையில் சிவப்புப் புள்ளிகள், அடிக்கு ஒன்றாக.

"யாருக்கு அடிபட்டிருக்கு?"

"யாருக்கும் இல்லையே" என்றார் மாமா. முக்காலியில் உட்கார்ந்து அடித்தோலுக்குப் பிரஷ்ஷால் பசை தடவிக்கொண்டிருந்தார்.

அக்கா உள்ளேயிருந்து வந்து தரையைப் பார்த்தாள். அவருடைய வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். குதிகாலுக்குச் சற்று முன்னால் ஒரு குட்டி ஆணி தலைவரை இறங்கியிருந்தது.

"இது எப்ப குத்துச்சு?"

"குத்தியிருக்கா என்ன?"

"பால் வாங்கப் போனீங்களே, அப்பவே குத்தியிருக்கு. அங்கிருந்து படம் வரைஞ்சுக்கிட்டே வந்திருக்கீங்க."

"விடு. இனிமே டாக்டரம்மா ஊசி போட்டாக்கூட அழ மாட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை. குறட்டால் ஆணியைப் பிடுங்கினாள். யாரோ ஒருத்தர் காலை வேடிக்கை பார்ப்பதுபோல மாமா பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பல் கூசியது.

கட்டு போட்டு முடிப்பதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. கம்பெனிப் பெயர் போட்ட தொப்பியோடு ஒருவர் இறங்கினார்.

"அண்ணே, பழைய டின்னெல்லாம் எடுத்துட்டு வாங்க. பாதி டின் குடுத்தாலும் முழு டின் தர்றோம். கூட ஒரு ஜோடி கிளவுஸ்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"டின்னு குடுப்பா. கிளவுஸ் வேண்டாம்" என்றார் மாமா. "ரெண்டு கையிலயும் ஏற்கெனவே மாட்டின மாதிரிதான் இருக்கு."

தொப்பிக்காரர் சட்டென்று கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டார்.

"எதுக்கு மாத்தறீங்க?" என்று நான் கேட்டேன்.

"லேபிள் தப்பா அச்சாயிருச்சு."

"அப்ப லேபிளை மட்டும் மாத்தினா போதாதா?"

"நீங்க யாரு?"

"தங்கச்சி."

"என்ன எழுதறீங்க?"

"ஈவினிங் கிளாஸ் வீட்டுப்பாடம்."

முழுப் பொய் இல்லை. நான் மாலையில் படிப்பது சோதனைக்கூடப் பயிற்சி. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதுதான் எங்கள் முதல் பாடம். அவர் வேனில் ஏற்றியிருந்த டின்களைப் பார்த்தேன். அடியில் இருந்த எண்கள் எல்லாமே 71இல் தொடங்கின. வேறு எண் போட்ட டின்களை அவர் எந்த வீட்டிலிருந்தும் எடுக்கவில்லை.

அவர் நீட்டிய தாளில் கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அப்படியே நகல் எடுத்துக்கொண்டேன்: 'இப்பொருள் குறித்து எனக்கு எந்தக் குறையும் இல்லை, இனியும் எதுவும் கோரமாட்டேன்.'

"மாமா, படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

"தெருவே போட்டிருக்கும்மா. சனிக்கிழமை இருநூறு ஜோடி அனுப்பணும். பசை இல்லாம எச்சில் தொட்டா ஒட்டறது?"

பேனா அவர் விரலிலிருந்து இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை இரண்டு கையாலும் பிடித்துப் போட்டார். கையெழுத்து கோட்டைவிட்டு இறங்கிப் போயிற்று.

தொப்பிக்காரர் டின்களை எண்ணினார். "கடை லிஸ்ட்ல நாலு இருக்கு. இங்க மூணுதான் இருக்கு."

"நாலாவதைத் தின்னுட்டோம்" என்றாள் அக்கா.

அவள் எப்போது உட்கார்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. நாலாவது டின்மேல் ஒரு சாக்கைப் போட்டு, அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விளையாடாதீங்க."

"தீர்ந்துபோச்சு, பழைய இரும்புக்குப் போட்டாச்சு. வேணும்னா இரும்புக்கடையில போய்க் கிண்டிப் பாருங்க."

அவர் சாக்கையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். அக்கா கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. வேன் போன பிறகும் ஐந்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் மாமா பக்கம் திரும்பினாள்.

"குறையே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே. ஆணி குத்தினதுகூடத் தெரியாத மனுஷனுக்குக் குறையே இல்லை, இல்ல?"

மாமா கையைப் பார்த்தபடியே விரல்களை மடக்கி விரித்தார்.

டின்னில் முக்கால்வாசி பசை இருந்தது. எண் 7146. இரண்டு முறை சரிபார்த்து எழுதிக்கொண்டேன். அதை அக்கா அலமாரிக்கு அடியில் தள்ளினாள்.

"ஏய் ஸ்கேலு, ஒண்ணு கேக்கறேன்" என்றாள். எதற்கெடுத்தாலும் கோடு போடுவதால் வீட்டில் எனக்கு அதுதான் பெயர். "அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

"அதானே. தெரிஞ்சிருந்தா மொதல்ல நம்மகிட்டதானே சொல்லியிருப்பார்."

அந்த 'நினைக்கிறேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டதாக இப்போது தோன்றுகிறது.

மதியம் மருத்துவமனையில் பன்னிரண்டாவது ஆள் வந்தார். தெருமுனை வீட்டுப் பெண். குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை என்றார். பையில் பிரிக்காத புதுக் கிளவுஸ் இருந்தது. பட்டியலில் சேர்த்தேன். வகுப்புக்குப் போக மனம் வரவில்லை. இந்த வருடத்தில் இதுதான் முதல் முறை. ஆறு மணிக்கே வீடு திரும்பினேன்.

அப்பா வீட்டில் இருந்தார். வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவர் வந்திருக்கவே மாட்டார். சாப்பாட்டு மேசையில் இரண்டு நோட்டுகள். ஒன்று ஓரமெல்லாம் பசைக்கறை ஏறிய பழையது. இன்னொன்று புதியது, அட்டை இன்னும் விறைப்பாக இருந்தது.

"வந்துட்டியா? உன் ஸ்கேலைக் குடு" என்றார். "நீயே கோடு போட்டுத் தர்றியா? நான் போட்டா கோணலாகுது."

ஒரு வாரத்துக்குப் பிறகு அப்பா என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். எதற்கு என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்து கோடு போட்டேன். தேதி, வரிசை எண், சோதனை முடிவு, குறிப்பு, கையெழுத்து என்று ஐந்து கட்டம். அவர் ஏற்கெனவே எழுதியிருந்த பக்கங்களுக்கு அடுத்து நான்கு பக்கம் முடித்துவிட்டேன். இதை அடித்துத் திருத்த முடியாது என்பதால் அப்படியே எழுதி வைக்கிறேன்: நான்கு பக்கம்.

ஐந்தாவது பக்கத்துக்குத் திரும்பும்போதுதான் என் கண் பழைய நோட்டில் விழுந்தது.

'நவம்பர் 9. வரிசை 71. கரைப்பான் மாற்றப்பட்டுள்ளது. வாடை கடுமை. டெஸ்ட் ரூமில் இருவருக்கு விரல் மரப்பு. மேலாளரிடம் சொல்லப்பட்டது.'

புதிய நோட்டை முன்னால் புரட்டிப் பார்த்தேன். அதே தேதிக்கு, அதே வரிசைக்கு நேராக, அப்பாவின் அழகான கையெழுத்தில்: 'குறை இல்லை.'

"அப்பா, இது என்ன?"

"பழைய நோட்டு கிழிஞ்சுபோச்சு. புதுசுல எழுதறேன்."

"கிழியலையே."

அப்பா பேனா மூடியைக் கழற்றினார். "பாதியில விட்டுட்டியே, கோடு போடு."

"குறிப்பு வேற மாதிரி இருக்கேப்பா."

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, கோடு போடச் சொன்னா கோட்டை மட்டும் போடேன்."

நான் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா நோட்டைத் தன் பக்கம் இழுத்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். பிறகு அப்பாவே பேசினார், நோட்டைப் பார்த்தபடி.

"ஒரு மாசத்துக்குத்தான்னு சொன்னாங்க. பழைய கரைப்பான் வரத்து நின்னுபோச்சு, வந்ததும் மாத்திடலாம்னாங்க. நான் எழுதி வெச்சேன். மூணு தடவை எழுதி வெச்சேன்."

"எழுதி வெச்சுட்டு?"

"கையெழுத்துப் போட்டு டின்னை வெளிய அனுப்பினேன்."

"எல்லா டின்னையுமா?"

"என் கையெழுத்து இல்லாம ஒரு டின்னும் வெளிய போகாதும்மா."

அதை எப்போதும் பெருமையாகத்தான் சொல்வார். இன்றும் பழக்கத்தில் அதே குரலில் தொடங்கி, பாதியில் குரல் இறங்கிவிட்டது.

நடந்ததை மட்டும் சொன்னேன். "மாமா கால்ல இன்னைக்கு ஆணி குத்தியிருந்துச்சு."

"எந்தக் கால்?"

"வலது."

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"பால் வாங்கப் போனதிலிருந்து. ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"வலிக்கலையா?"

"அவருக்குத் தெரியவே இல்லைப்பா."

பேனா முனையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

"முறைக்காதே" என்றாள் அம்மா. "அந்த நோட்டுல மேனேஜர் கையெழுத்து எங்கயாவது இருக்கா? பக்கத்துக்குப் பக்கம் இவரோடதுதான். நாளைக்கு மாட்டினா யாரைப் பிடிச்சுட்டுப் போவாங்க? ரிட்டயர் ஆக ஒண்ணரை வருஷம் இருக்கு."

"அதுக்கு மாமா நடக்க முடியாமப் போகணுமா?"

"மாப்பிள்ளை எனக்கும் பிள்ளை மாதிரிதான்டி. நான் மட்டும் சந்தோஷமாவா நிக்கறேன் இங்க?"

அவள் கேட்டதில் தவறு எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மேலாளர் எதையும் எழுதித் தரவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு, வீட்டில் உட்கார்ந்து புது நோட்டு எழுதச் சொன்னது வாய்வார்த்தை; அதுவும் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நாளை ஒன்பது மணிக்கு இரண்டு நோட்டும் மேலாளர் கைக்குப் போக வேண்டும். பதினோரு மணிக்கு ஆய்வாளர் வரும்போது புதியது மட்டும்தான் இருக்கும்.

ஏழேகாலுக்கு அப்பா கூப்பிட்டார். "முடிச்சுட்டேன். ஒரு தடவை சரிபார்த்துக் குடு."

என் வீட்டுப்பாடத்தை அவர் பார்ப்பார், அவர் எழுதியதை நான் பார்ப்பேன். எங்களுக்குள் அது பல வருட வழக்கம். இன்று மறுத்திருக்கலாம். கை தானாகப் போய் நோட்டை வாங்கிக்கொண்டது.

உள்ளடக்கத்தைக் கடைசியில்தான் படிக்க வேண்டும், முதலில் கையெழுத்தையும் அதன் கீழே உள்ள தேதியையும் பார்க்க வேண்டும் என்பது வகுப்பில் பழகியது. டெஸ்ட் ரூமில் கையெழுத்துப் போடுகிற நாளின் தேதியைக் கையெழுத்தின் கீழேயே எழுதுவார்கள். பதினெட்டாம் பக்கம்வரை எல்லாம் சரி. நவம்பர் பதிவுக்கு நவம்பர் தேதி, டிசம்பருக்கு டிசம்பர்.

பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து, பதிவு ஜனவரி, பிப்ரவரி என்று போகிறது. கையெழுத்தின் கீழே மட்டும் மார்ச் 12. அடுத்ததிலும் மார்ச் 12. எண்ணினேன். பதினேழு இடங்களில் இன்றைய தேதி.

சொல்லாமல் விட்டால் நாளை ஆய்வாளர் ஒரே நிமிடத்தில் கண்டுபிடிப்பார், அப்பா மாட்டிக்கொள்வார். சொன்னால் அப்பா சரிசெய்வார். பொய் நோட்டு நிஜமாகிவிடும், அதைச் சரிபார்த்துக் கொடுத்தவள் நான். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. இதை நேரம் குறித்து எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அப்பாவிடம் ஒன்றை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. "பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து தேதியைப் பாருங்கப்பா" என்றேன்.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இருபத்தாறு வருஷப் பழக்கம்" என்றார். "கை அன்னன்னைக்குத் தேதியைத்தான் போடும்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அதனால என்ன? ஒயிட்னர் வெச்சு அழிச்சுட்டு எழுதுங்க."

"டெஸ்ட் ரூம் நோட்டுல ஒயிட்னர் வைக்கக்கூடாது."

அம்மா அவரையே பார்த்தாள். "பொய் எழுதலாம், ஒயிட்னர் வைக்கக்கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா என்று வெட்கமாகவும் இருந்தது. அம்மாவும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா மட்டும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கங்களைக் கிழிச்சுட்டா?" என்றாள் அம்மா, கொஞ்சம் அடங்கியதும்.

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு சீல் வெச்சிருக்கு."

நான் ஆணியைப் பற்றிச் சொன்னபோது அவர் எழுதிக்கொண்டிருந்தது பதினெட்டாம் பக்கம். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தெரிஞ்சே போட்டீங்களாப்பா?"

பதினெட்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "தெரியலைம்மா. நிஜமாவே தெரியலை."

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசிப் பதிவுக்குக் கீழே காலியாக இருந்த வரிசையில், குறிப்புக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தார். இடம் போதாமல் பக்கத்துக் கட்டத்துக்கும் எழுத்து போயிற்று. கோட்டைத் தாண்டி எழுதி அவரை நான் பார்த்ததே இல்லை.

'இந்தப் பதிவேடு மார்ச் 12 அன்று, மேலாளர் சொன்னபடி, என் வீட்டில் என்னால் எழுதப்பட்டது. இதிலுள்ள முடிவுகள் உண்மையல்ல. உண்மையான பதிவு பழைய நோட்டில் உள்ளது. வரிசை 71 டின்களை வெளியே அனுப்பியது நான்.'

கையெழுத்து. தேதி.

அம்மா அதைப் படித்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஒன்பது மணிக்கு மேனேஜர் கேட்பாரே?" என்றேன்.

"ஒன்பது மணிக்கு நான் அங்க இருந்தாதானே." இரண்டு நோட்டையும் எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். "ஆய்வு அலுவலகம் ஒன்பதுக்குத் திறக்கும். அங்க போயிடலாம். அவங்க என்ன கேட்டாலும் எங்கிட்ட பதில் இருக்கு. உங்கக்காகிட்டதான்…"

முடிக்கவில்லை.

"நான் சொல்லட்டுமாப்பா?"

"வேண்டாம். நான்தான் சொல்லணும். நீ கூட இரு."

இப்போது மணி எட்டு. அப்பா மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார், பை மடியில் இருக்கிறது. காலையில் அவர் மனம் மாறினால் நான் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன். எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் அம்மா யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறாள். யாரிடம் என்று தெரியவில்லை.

நாளைக்கு: பன்னிரண்டு பேர் பட்டியலைத் தெளிவாக ஒரு நகல் எடுக்க வேண்டும். மருத்துவமனைக்கு லீவு சொல்ல வேண்டும். காலை ஆறரை மணிக்கு அப்பாவோடு அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கக்கூடாது.